ஒரு போத்தல் மாரி

அம்பாறைக் கரைக்குப் பருவம் இரண்டுதான். ஐப்பசிக் கடைசியில் தொடங்கித் தை, மாசி வரை நீளும் மாரி ஒன்று. மற்றது வெயில். வெயிலுக்குள்ளும் ஒரு வெயிலாகக் கச்சான் வரும். தென்மேற்கில் புறப்படும் காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. கச்சான் அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் கொடியில் போட்ட சாரன் கொஞ்ச நேரத்தில் மொறமொறத்துவிடும். பூச்சட்டிக்குக் காலையில் வார்த்த தண்ணீர் லுஹர் தொழுகைக்கு முன்னரே காணாமல் போயிருக்கும்.

இந்தக் கரையில்தான் கண்ணாடிப் போத்தலுக்குள் தோட்டம் வைக்கும் ஆசையும் துளிர்த்திருக்கிறது. அறுகம்பேயில் அலைச்சறுக்கு விளையாட வருகிறவர்களுக்காகத் திறந்த கோப்பிக் கடை மேசையில் ஒன்று இருக்கும். கல்முனைக் கலியாண வீட்டு அன்பளிப்புகளுக்கு நடுவே ஒன்று வந்து சேரும். நிந்தவூரிலோ சாய்ந்தமருதிலோ ஒரு பிள்ளை யூடியூப்பைப் பார்த்துத் தானே ஒன்றைச் செய்து ஷோகேசின் மேல் வைத்திருக்கும். பிள்ளை அதை டெராரியம் என்கிறது. மூத்தம்மாவுக்கு அது போத்தல் பூக்கண்டு.

இவற்றில் பல ஒரு கச்சானைக்கூடத் தாண்டுவதில்லை. கடைக்குப் போய் ‘வடிவான கண்டு நாலஞ்சு தாங்க’ என்று கேட்கிறோம். கள்ளியும் பன்னமும் ஒன்றாக வந்து ஒரே போத்தலுக்குள் இறங்குகின்றன. ஒன்று கச்சானுக்குப் பிறந்தது, மற்றது மாரிக்குப் பிறந்தது. இரண்டையும் ஒரே மூடியால் மூடினால் ஒன்று செத்தே தீரும். அனேகமாக முதலில் போவது கள்ளி. வேர் கறுத்து, தண்டு கூழாகி, அதன் அழுகல் பக்கத்துச் செடிக்கும் பரவும்.

மூடிய போத்தலுக்குள் நாம் வைப்பது ஒரு பருவத்தை. மண்ணில் இருக்கும் நீரை வேர் உறிஞ்சுகிறது. இலை அதை ஆவியாக விடுகிறது. ஆவி கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்து துளியாகி மறுபடி மண்ணுக்கு இறங்குகிறது. மேகமும் மழையும் நிலமும் ஒரு சாண் உயரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. உள்ளே வருடம் முழுக்க மார்கழி. இந்தப் போத்தலுக்கு எந்தச் செடி என்று யோசிக்கிறவர், மார்கழியை விட்டு வெளியே வரவே விரும்பாத செடி எது என்று யோசித்தால் போதும்.

*

போத்தல் தோட்டத்தின் சரித்திரம் ஒரு புழுக்கூட்டில் தொடங்குகிறது. லண்டனின் கிழக்குப் பகுதியில் வைத்தியராக இருந்த நத்தானியேல் பாக்ஷா வார்டு 1829இல், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈர இலைமட்கோடு ஒரு கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடினார். பூச்சி வெளிவருவதைப் பார்ப்பதுதான் அவருடைய நோக்கம். ஆனால் மட்கின் மேல் ஒரு பன்னமும் ஒரு புல்லும் முளைத்தன. நிலக்கரிப் புகை மண்டிய அந்த நகரத்தில், வீட்டு முற்றத்தில் அவர் ஆசையாக வளர்த்த பன்னங்கள் எல்லாம் கருகிப் போயிருந்தன. யாரும் நடாத இந்தப் பன்னமோ, தண்ணீர் ஊற்றாமலே ஏறக்குறைய நான்கு வருடம் யன்னலுக்கு வெளியே உயிரோடு நின்றது. மூடி துருப்பிடித்து மழைநீர் உள்ளே இறங்கிய பிறகே செத்தது.

1833இல் வார்டு இரண்டு கண்ணாடிப் பெட்டிகளில் பன்னமும் பாசியும் புல்லும் வைத்து சிட்னிக்குக் கப்பலேற்றினார். மாதக்கணக்கான கடல் பயணத்தைத் தாண்டி அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதே பெட்டிகள் அவுஸ்திரேலியச் செடிகளோடு திரும்பி வந்தன. அதுவரை கப்பல்தட்டில் உப்புக்காற்றிலும் தண்ணீர்த் தட்டுப்பாட்டிலும் செத்துக்கொண்டிருந்த கன்றுகளுக்கு இனி வழி பிறந்தது. அதற்கு வார்டியன் பெட்டி என்று பெயர் வந்தது.

அந்தப் பெட்டிக்கும் இலங்கைக்கும் உள்ள கணக்கு சின்னதல்ல. பிரேசிலில் இருந்து ஹென்ரி விக்கம் கொண்டுவந்த இறப்பர் விதைகள் 1876இல் லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்கவைக்கப்பட்டன. அதே வருடம் 1900க்கும் மேற்பட்ட கன்றுகள் 38 வார்டியன் பெட்டிகளில் கொழும்புக்கு வந்தன. கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டம் அவற்றுக்காகவே திறக்கப்பட்டது. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களுக்குப் பெரும்பாலும் மூலம் விக்கம் கொண்டுவந்த அந்த விதைகளே. றொபேர்ட் போர்ச்சூன் சீனாவில் இருந்து தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கடத்தியதும் இதே வகைப் பெட்டியில்தான். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் எந்தச் செடியை வைப்பது என்று எங்கோ ஒரு மேசையில் எடுத்த முடிவு, இறப்பரும் தேயிலையும் விளைந்த மலைகளின் காட்டை மாற்றியது. அங்கே கூலிக்குப் போன தமிழ்க் குடும்பங்களின் தலைமுறைகளையும் மாற்றியது. ஷோகேசின் மேல் இருக்கும் பொம்மைத் தோட்டத்துக்கும் அதே வமிசம்தான். இதைத் தெரிந்துகொண்டு போத்தலைத் திறப்பது நல்லது.

இங்கிலாந்தில் இதே பெட்டி இன்னொரு கேட்டையும் செய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வீட்டுக்கு வீடு பன்னப்பெட்டி வைக்கும் வெறி பிடித்து, ஆட்கள் கூடைகளோடு காடுகளுக்குப் போனார்கள். கில்லார்னிப் பன்னம் என்ற அரிய இனம் பல இடங்களில் அடியோடு பிடுங்கப்பட்டது. சின்னத் தோட்டத்தின் மேல் வந்த ஆசை பெரிய தோட்டத்தை மொட்டையடித்தது.

*

இங்கே எங்களுக்கும் அந்த ஆசை வரும். நுவரெலியாவுக்குச் சுற்றுலா போகிற வான்கள் திரும்பும்போது, சீட்டுக்கு அடியில் பொலித்தீன் பையில் மலைப்பாசி இருக்கும். ஹக்கலைப் பக்கத்துக் குளிரில் அது பச்சைக் கம்பளி மாதிரி இருந்தது. கல்முனைக்கு வந்த ஒரு வாரத்தில் தேயிலைச் சக்கை மாதிரிக் கிடக்கும். ஈரம் குறைந்து அது சாகவில்லை. இங்கே இரவும் சூடாக இருக்கிறது. குளிர்நாட்டுப் பாசி அந்தச் சூட்டில் மூச்சாகவே தன் சேமிப்பைத் தின்று தீர்க்கிறது. பகலில் எவ்வளவு வெளிச்சம் கொடுத்தாலும் இரவின் நட்டத்தை அதனால் ஈடுகட்ட முடிவதில்லை.

சிங்கராஜவில் இருந்து வனராஜா எடுத்துத் தரலாமா என்று கேட்டவர்களும் உண்டு. கரும்பச்சை இலையில் செம்பு நரம்போடிய அந்தத் தரை ஓர்க்கிட் போத்தலுக்குள் நிச்சயம் வடிவாகத்தான் இருக்கும். காட்டில் அது அருகி வருகிறது. ஒதுக்குக் காட்டில் இருந்து செடி பிடுங்குவது சட்டப்படியும் குற்றம்.

எங்கள் போத்தலுக்கான செடியைத் தேடி அவ்வளவு தூரம் போகவேண்டியதே இல்லை. கச்சான் மாதத்தில் மாரி எங்கே ஒளிந்திருக்கிறது என்று வளவுக்குள்ளேயே பார்த்தால் போதும். கிணற்றின் உள்வளையத்தில் இருக்கிறது. தண்ணீர்த் தாங்கியின் கசிகிற குழாய்க்கு அடியில் இருக்கிறது. குளியலறைப் பின்சுவரில், ஒழு எடுக்கும் தண்ணீர் வடிந்தோடும் சின்ன வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது. ஆடி மாதத்திலும் பச்சை மாறாத இடங்கள் இவை. இங்கே வாழும் செடிகள் சூட்டுக்கும் பழகியவை, ஈரத்துக்கும் பழகியவை. இரண்டையும் சேர்த்துத் தாங்குகிற செடிதான் இந்தக் கரையின் மூடிய போத்தலுக்கு வேண்டும்.

ஒரு பழைய கிணற்றுக்குள் எட்டிப் பாருங்கள். சீமெந்து வளையங்களின் பொருத்தில் நீண்ட இலைகளோடு ஒரு பன்னம் தொங்கும். தெரிஸ் விட்டாட்டா என்று தாவரவியலில் அதற்குப் பெயர். சுண்ணாம்பை விரும்புவதால் பழைய சுவர், பாலம், கிணறு எல்லாவற்றிலும் குடியேறும். மண்ணில் இருக்கும் ஆர்சனிக் நஞ்சை உறிஞ்சித் தன் இலையில் சேர்க்கும் வல்லமை இதற்கு உண்டென்று 2001இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். வளர்ந்தால் போத்தலுக்கு மிஞ்சிவிடும். விரல் நீளக் கன்று ஒன்றை எடுத்து வைத்து, பெரிதானதும் கிணற்றடிக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கிணற்றுக் கட்டின் வெளிப்புறம், வாளித் தண்ணீர் சிந்தும் பக்கத்தில் இன்னொன்று படர்ந்திருக்கும். இலை ஒவ்வொன்றும் எள்ளளவு. தண்டு கண்ணாடிபோல நீர் கோத்து நிற்கும். கிளை பிரியும் விதத்தைக் கண்ணை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தால் பெரிய மரம் ஒன்றின் அச்சு. பைலியா மைக்ரோஃபில்லா. அமெரிக்க வெப்பநாடுகளில் இருந்து வந்து உலகத்துச் சாக்கடை ஓரமெல்லாம் குடிகொண்ட களை. பூக்கிற நேரத்தில் தண்ணீர் தெளித்தால் மகரந்தத்தைப் புகைபோலத் தெறிக்கும். காசு கொடுத்து வாங்கும் செடி எதுவும் குறுந்தோட்டத்தில் இதைப்போல மரமாக நடிக்காது. கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் இதய வடிவ இலையோடு நிற்கும் பெப்பரோமியா பெல்லுசிடாவும் அப்படித்தான். கடையில் விற்கிற பெப்பரோமியாக்களின் ஏழைச் சொந்தம். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்கள் மனப்பாடம் செய்த நெப்ரோலெபிஸ் பன்னத்தின் குட்டிகள் வேலியோரச் சட்டிகளில் தாமாகவே பெருகும். பாசி வேண்டுமென்றால் கிணற்றடிப் பாசி. அது வெயிலில் சுருண்டு கிடந்து ஒரு மழைக்கு மறுபடி எழும்பும் சாதி.

கடைச் செடி வேண்டாம் என்பதில்லை. பெரு நாட்டு மழைக்காட்டின் தரையில் வளரும் ஃபிட்டோனியா இந்தப் போத்தலுக்குள் சுகமாக இருக்கும். மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் கிரிப்டோகொரைன் வெண்டியை உலகம் முழுக்க வாங்குகிறார்கள். அது இலங்கையின் ஓடைகளுக்கு மட்டுமே உரிய செடி. பண்ணையில் பெருக்கியதாகப் பார்த்து ஒன்றை வாங்கி ஈர மண்ணில் நட்டு மூடிவைத்தால், தண்ணீருக்கு வெளியேயும் வளரும்.

இந்தப் பக்கம் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்கு வருகிறான். கிணறும் கிணற்றடியும் உம்மாவிடம் இருந்து மகளுக்குப் போகும். எந்த மூலையில் எது முளைக்கும், எது எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்ற அறிவும் அதோடு போகும். யூடியூப் சொல்லாததை மூத்தம்மா சொல்வார். அவரைக் கேட்காமல் போத்தல் வாங்குகிறவர்களே அதிகம்.

*

இந்தக் கரையின் கிணறுகளைப் பற்றிப் பேசினால் 2004 டிசம்பர் 26 சுனாமியைத் தாண்டிப் போக முடியாது. இலங்கையில் அன்றைக்கு அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், பொத்துவில் என்று நீளும் பட்டியலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். மிஞ்சியவர்களுக்குக் கிணறுகளில் கடல் இருந்தது.

கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் இந்த மணல் நிலத்தில் நன்னீர் என்பது மழை கொடுத்தது. அது அடியில் இருக்கும் உப்புநீரைவிட இலேசானது, ஆகவே அதன் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி வரை நன்னீர் இருக்கலாம் என்பது ஏட்டுக் கணக்கு. ஒடுங்கிய மணல் திட்டில் அவ்வளவு கிடைப்பதில்லை. சுனாமிக்குப் பிறகு கிணறுகளைச் சுத்தம் செய்கிறோம் என்று பம்பு வைத்து இறைத்தார்கள். இறைக்க இறைக்க அடியில் கிடந்த உப்புநீர் மேலே ஏறியது. கூடுதலாக இறைக்காதீர்கள் என்று நீரியல் அறிந்தவர்கள் எச்சரித்தார்கள். கடைசியில் கிணறுகளை மெல்லமெல்லக் கழுவிக் கொடுத்தது அடுத்தடுத்து வந்த மாரிதான்.

போத்தல் தோட்டத்தில் உப்பு விஷயம் இதைவிடக் கடினம். மூடிய கண்ணாடிக்குள் நீர் ஆவியாகித் திரும்பி வரும். உப்பு வெளியேற வழியே இல்லை. உவர்க் கிணற்று நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தால் ஒவ்வொரு துளியின் உப்பும் உள்ளேயே தங்கிச் சேரும். பீலியில் பிடித்த மழைத்தண்ணீர் வார்ப்பதே சரி. கடற்கரை மணலை அள்ளி அப்படியே போடக்கூடாது. களப்பில் ஊறிய மட்டையின் தும்புத்தூளிலும் உப்பு இருக்கும். பல தண்ணீர் அலசிப் பிழிந்தெடுக்க வேண்டும். அடியில் இரண்டு விரல் கனத்துக்கு உடைத்த ஓட்டுத்துண்டு, அதன் மேல் ஒரு பிடி சிரட்டைக்கரி, அதற்கு மேல் தும்புத்தூளும் இலைமட்கும் கலந்த மண். வேறெதுவும் தேவையில்லை.

தண்ணீர் எவ்வளவு என்பதைக் கண்ணாடியே சொல்லும். காலையில் ஒரு பக்கம் மூடுபனி பிடித்து, பகலுக்குள் தெளிந்தால் கணக்குச் சரி. நாள் முழுக்க உள்ளே ஒன்றும் தெரியாமல் வியர்த்திருந்தால் மூடியை ஒரு இரவு திறந்து வைக்கலாம். வியர்க்கவே இல்லையென்றால் ஒரு கரண்டி மழைநீர். இங்கிலாந்தில் டேவிட் லாட்டிமர் என்பவர் 1960இல் நட்ட போத்தல் ஒன்றுக்கு 1972இல் கடைசியாகத் தண்ணீர் வார்த்து அடைத்தார். நாற்பது வருடம் கழித்தும் உள்ளே டிரேட்ஸ்கான்ஷியா செழித்து நின்றது. ஓடுகிற ஆற்றில் ஒழு எடுத்தாலும் நீரை வீணாக்காதே என்று மதரஸாவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கனம் புரியாததல்ல. நம் ஆட்களின் கை ஊற்றியே பழகியது, அதுதான் வில்லங்கம். போத்தல் செடிகளில் தாகத்தால் சாவதைவிட அன்பால் சாவது அதிகம்.

இன்னொரு எதிரி நேர் வெயில். மூடிய கண்ணாடியில் வெயில் நேராகப் பட்டால் உள்ளே இருப்பது அவிந்துவிடும். நேர் வெயில் விழாத யன்னலில் இருந்து ஓரிரு அடி தள்ளிய மேசை போதும். அறுகம்பே விடுதிக்காரருக்கு ஒரு சொல்: சீசன் முடிந்து ஐப்பசியில் அறையைப் பூட்டும்போது போத்தலை உள்ளே விட்டுப் பூட்டாதீர்கள். தண்ணீர் இல்லாமல் அது பல மாதம் இருக்கும், வெளிச்சம் இல்லாமல் இருக்காது.

*

செடி வைத்து முடிந்ததும் விளையாட்டு தொடங்குகிறது. ஒரு குட்டி வீடு, ஒரு வாங்கு, ஒரு பாலம். மருதமுனை வீடொன்றில் பேத்தி பைலியாவின் கீழ் வெண்மணல் பரப்பிவிட்டுக் கேட்டாள்:

“மூத்தம்மா, இதுக்குள்ள ஒரு ஆளையும் வெக்கட்டா?”

“ஆளு வேணாம் மகள். உருவம் இருக்கிற வீட்டுக்குள்ள மலக்குமார் வரமாட்டாங்க. தோணி ஒண்டு வெய்யி. மரம், மட்டை, தோணியெல்லாம் வெக்கலாம்.”

ஆளில்லாத தோணி மணலில் ஏறி நின்றது. ஆள் பொம்மை வைத்திருந்தால் அது யாரோ ஒருவரின் கதையாகியிருக்கும். இப்போது அது பார்க்கிறவர் எல்லோருக்கும் உரிய கரை. மார்க்கம் விதித்த எல்லை கலைக்கு உதவியதை முஸ்லிம் உலகின் ஓடுகளிலும் எழுத்தணியிலும் பார்த்திருக்கிறோம். ஷோகேசின் மேலும் அது நடக்கிறது.

விளையாட்டுக்கும் ஒரு இலக்கணம் உண்டு, அது இலையின் அளவு. தோணி ஒரு அங்குலம் என்றால் பக்கத்தில் நிற்கும் இலை எள்ளளவாக இருக்கவேண்டும். அப்போதுதான் செடி மரமாகும், கூழாங்கல் அறுகம்பேயின் யானைக்கல் ஆகும். ஃபிட்டோனியாவின் அகன்ற இலையை அங்கே வைத்தால் தோணி வெறும் பிளாஸ்ரிக் துண்டாகிவிடும். பெரிய இலையை வைக்க ஆசையென்றால் பொம்மையை எடுத்துவிட்டு இலையை இலையாகவே காட்டுங்கள். ஒரு போத்தலில் ஒரு அளவுதான் ஆளமுடியும்.

சிறியதைக் கட்டி அதில் வாழ்வதாக நடிக்கும் ஆசை நமக்கு ஆங்கிலேயர் கற்றுக்கொடுத்ததல்ல. நெய்தல் நிலத்துப் பெண்பிள்ளைகள் மணலில் சிற்றில் கட்டினார்கள். அதை அலை வந்து அழிப்பதும் அவர்கள் அலையைத் திட்டுவதும் சங்கப் பாடல்களில் இருக்கிறது. பிள்ளைத்தமிழில் சிற்றில் ஒரு பருவமே ஆனது. அந்த வகையை முஸ்லிம் புலவர்களும் எடுத்துக்கொண்டு நபிகள் நாயகத்தின் பேரில் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். சிற்றில் கட்டியவர்களுக்கு அது நிலைக்காது என்று தெரியும், தெரிந்தேதான் கட்டினார்கள். போத்தல் தோட்டக்காரருக்கும் அந்தத் தெளிவு இருந்தால் நல்லது. செடி வளரும், அளவு மிஞ்சும், ஒருநாள் கலைத்து மறுபடி கட்டவேண்டிவரும்.

வெயிலை விட்டுப் பிரிய மனமில்லாதவர்களுக்கு மூடி இல்லாத கிண்ணம் இருக்கிறது. அதற்குள் கச்சானை வைக்கலாம். பரல் மணல், குட்டைச் சாதி மருள், சின்னக் கள்ளி, பிரண்டையின் ஒரு கணு. இவை மாதத்துக்கு ஓரிரு கரண்டித் தண்ணீரில் காலம் தள்ளும். இவற்றுக்குப் பக்கத்தில் பன்னத்தை வைக்கக்கூடாது. பிட்டும் தேங்காய்ப்பூவும்போல எல்லாம் கலந்திருக்கவேண்டும் என்ற நம் ஊர்ப் பேச்சு மனிதருக்குச் சரி, செடிக்குப் பொருந்தாது.

கடைசியாக ஒன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு அழகுச் செடியாகத்தான் ஆற்றுவாழை வந்தது. அதன் ஊதாப்பூ யாரோ ஒருவரின் கண்ணுக்குப் பிடித்திருந்தது. சில வருடத்திலேயே, 1909இல், அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் போடவேண்டியிருந்தது. சட்டம் இன்னும் இருக்கிறது, ஆற்றுவாழையும் இருக்கிறது. கல்முனையில் இருந்து கிட்டங்கிப் பாலத்தால் போகிறவர்கள் மாரியில் அது பாலத்தை அடைத்து நிற்பதைப் பார்க்கலாம். நம் போத்தலில் இருந்து வெட்டியெறியும் டிரேட்ஸ்கான்ஷியாவுக்கும் சிங்கோனியத்துக்கும் அதே குணம் உண்டு. ஒரு கணு ஈரத்தில் விழுந்தால் போதும். ஆகவே போத்தல் வைக்கப்போகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: காட்டில் இருந்து எதையும் பிடுங்கி வராதீர்கள், கிணற்றடியில் முளைத்ததை முதலில் வைத்துப் பாருங்கள், வெட்டிய மிச்சத்தை வெயிலில் காயவைத்து எரியுங்கள். வாய்க்காலில் மட்டும் எறியாதீர்கள்.